கடிகாரத்தைக் கழற்றி வைத்தது தப்பா, டாக்டர்?

தஞ்சை மாவட்டத்தின் ஒரு சிற்றூரிலிருந்து 72 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆறு பக்கக் கடிதம். அஞ்சலகத்தில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடையாளம் தெரியாதபடி அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. மகன் அமெரிக்காவில், மகள் கோவையில். இவர் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பத்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார். பொங்கலுக்கு வந்த மகன் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்து, தன் கையாலேயே அம்மா கையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். கட்டிய அன்று சந்தோஷமாகத்தான் இருந்ததாம். அடுத்த வாரம் முதல் காலை ஆறு மணிக்கு அமெரிக்காவிலிருந்து போன் வர ஆரம்பித்தது.

“‘ராத்திரி ரெண்டு மணிக்கு ஏம்மா எழுந்தே? நேத்து ஆயிரத்து எண்ணூறு அடிதான் நடந்திருக்கே. மதியம் ஒரு மணி நேரம் வாட்சைக் கழட்டி வெச்சிருக்கியே, ஏன்?’ என்று தினமும் கேள்வி. பாத்ரூம் போவதைக்கூடச் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்குள்ளேயே யாரோ நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறது டாக்டர்” என்கிறார்.

இரண்டு இரவுகள் அந்த வாட்ச், ரத்தத்தில் ஆக்சிஜன் 88 என்று காட்டியிருக்கிறது. அதைப் பார்த்தபின் தூக்கமே இல்லை. ஒரு நாள் மதியம், இதயத் துடிப்பு சீராக இல்லை என்று எச்சரிக்கை வந்தது. உள்ளூர் டாக்டரிடம் ஓடினார். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் நம்பாதீங்க” என்று அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரோ, வாட்சிலிருந்து வரும் கதிர்வீச்சுதான் இதயத்தைக் கெடுக்கிறது என்கிறார். வாசகி வாட்சைக் கழற்றி சுவாமி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டார். மகனுக்குக் கோபம். பத்து நாளாகப் போன் இல்லை.

கடைசிப் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்குக் கீழே, பின்குறிப்பு மாதிரி மூன்று வரி: “ஐப்பசி மழையில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தேன். முக்கால் மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை. பால்காரம்மா வந்துதான் தூக்கிவிட்டாள். பிள்ளைகளிடம் சொல்லவில்லை.”

அம்மா, வணக்கம்.

வாட்சைக் கழற்றி வைத்தது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பில்லை. அது உங்கள் கை, உங்கள் உடம்பு. ஆனால் அந்த இதயத் துடிப்பு எச்சரிக்கையை அத்தோடு விட்டுவிட்டது சரியில்லை. விழுந்ததைப் பிள்ளைகளிடம் மறைத்தது அதைவிடச் சரியில்லை. ஆறு பக்கம் எழுதிவிட்டு, மிக முக்கியமானதைப் பின்குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். என்னிடம் வருகிற பெரியவர்கள் பலரும் இப்படித்தான், எழுந்து கதவுவரை போய் நின்றுகொண்டு விஷயத்தைச் சொல்வார்கள். அதனால் உங்கள் கேள்விகளுக்கு நீங்கள் கேட்ட வரிசையில் இல்லாமல், அவசரத்தின் வரிசையில் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த எச்சரிக்கை

வாட்சைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பச்சை விளக்கு மினுங்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மை உடையது. ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறையும்போது, திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை வைத்துத்தான் வாட்ச் துடிப்பை எண்ணுகிறது. துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி தாறுமாறாக இருந்து, அது பல தடவை தொடர்ந்தால் எச்சரிக்கை கொடுக்கும். அது சந்தேகப்படுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒன்றை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருப்பதுதான் அது. மாரடைப்பு வேறு, இது வேறு. அந்த எச்சரிக்கையைப் பார்த்து மாரடைப்பு என்று நீங்கள் பயந்திருக்கிறீர்கள். மாரடைப்பைக் கண்டுபிடிக்க இந்த வாட்சுகளால் முடியாது. நெஞ்சு வலித்து, வியர்த்துக் கொட்டி, வாட்ச் ‘எல்லாம் சரி’ என்று காட்டினாலும் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

அப்படியானால் எச்சரிக்கையை நம்பலாமா? ஆப்பிள் வாட்சை வைத்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய பெரிய ஆய்வு 2019-ல் வெளியானது. அதில் 4,19,000-க்கும் அதிகமானவர்கள் சேர்ந்தார்கள். மொத்தத்தில் 0.52 சதவீதம் பேருக்குத்தான் எச்சரிக்கை வந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்தால் சுமார் 3 சதவீதம். எச்சரிக்கை வந்தவர்களுக்கு மார்பில் ஒட்டும் ஈசிஜி பட்டை அனுப்பிப் பார்த்தார்கள். பட்டையைத் திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேரிடம் அந்த நாட்களில் இந்தக் கோளாறு தெரிந்தது. மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. இது வந்து வந்து போகும். பட்டை ஒட்டியிருந்த நாளில் வராமல் இருந்திருக்கலாம். ஆகவே எச்சரிக்கை வந்ததும் நோய் என்று முடிவு கட்டக் கூடாது, புறந்தள்ளவும் கூடாது.

உங்கள் டாக்டர் நாடி பார்த்தது நல்லதுதான். அந்த நேரத்தில் நாடி சீராக இருந்திருக்கும். ஆனால் வந்து போகிற ஒன்றை ஒரு நிமிஷ நாடியில் பிடிக்க முடியாது. நான் ஏன் இதை விடாமல் சொல்கிறேன் என்றால், இந்தக் கோளாறு இருப்பவர்களுக்கு மேலறையில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு அதிகம். அதோடு 72 வயது, சர்க்கரை, பிபி மூன்றும் உங்களுக்கு இருக்கின்றன. உறுதியானால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேண்டியிருக்கும். மாத்திரையால் தடுக்கக்கூடிய பக்கவாதம் இது என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இந்த வாரமே ஜிஎச்சுக்கோ இதய மருத்துவரிடமோ போய் முழு ஈசிஜி எடுங்கள். அது சரியாக இருந்தால் 24 மணி நேரமோ அதற்கும் மேலோ உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் சோதனை வேண்டுமா என்று கேளுங்கள். போனில் அந்த எச்சரிக்கை வந்த தேதியும் நேரமும் இருக்கும், அதைக் காட்டுங்கள். உங்கள் வாட்சில் ஈசிஜி வசதி இருந்தால், படபடப்பு வரும்போது உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கவாட்டுப் பொத்தானில் மறு கை விரலை 30 விநாடி வைத்திருந்தால் ஒரு பதிவு கிடைக்கும். எந்த இடத்தில் விரல் வைப்பது என்பது மாடலுக்கு மாடல் மாறும், மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டருக்கு அந்தப் பதிவு உண்மையிலேயே உதவும். ஒன்று மட்டும்: ‘ரத்தம் உறையாமல் இருக்க’ என்று யாராவது சொல்வதைக் கேட்டு நீங்களாக ஆஸ்பிரின் போட்டுக்கொள்ள வேண்டாம். இந்தக் கோளாறுக்கு அது சரியான மாற்று அல்ல, ரத்தக்கசிவு ஆபத்து மட்டும் சேரும்.

அடுத்து, கொல்லைப்புறத்தில் நடந்தது

முக்கால் மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறீர்கள், அம்மா. அந்த மூன்று வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டிய 110 பேரை ஒரு வருஷம் கவனித்து 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த ஒரு வருஷத்தில் 66 பேர் விழுந்தார்கள். விழுந்தவர்களில் 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தரையிலேயே கிடந்தார்கள். அவர்களில் பலரிடம் உதவிக்கு அழைக்கும் பொத்தான் இருந்தது. தனியாக விழுந்தபோது பெரும்பாலானவர்கள் அதை அழுத்தவில்லை. யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம், நாமே எழுந்துவிடலாம், ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள் என்றெல்லாம் காரணங்கள். நீங்கள் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டதற்கும் இதேதான் காரணம் என்று நினைக்கிறேன். ‘இனிமேல் அம்மா தனியா இருக்க வேண்டாம், வீட்டைப் பூட்டிட்டு வா’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களை அந்த வீட்டிலிருந்து கிளப்பப் போவது பிள்ளைகள் அல்ல, அடுத்த தடவை விழுவதுதான். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம். இடுப்பு எலும்பு முறிந்தால் அதன்பின் தனியாக இருப்பதே பெரும்பாடு. அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவதால்தான் விழுந்ததைச் சொல்லச் சொல்கிறேன்.

வாட்ச் விழுவதைத் தடுக்காது. விழுந்தபின் சொல்லும், அவ்வளவுதான். ஏன் விழுந்தீர்கள் என்று பார்ப்பது அதற்கு முந்தின வேலை. டாக்டரிடம் போகும்போது, படுத்திருக்கும்போது ஒரு தடவையும், எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிஷங்களிலும் பிபி பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாத்ரூம் போகிறீர்கள் என்பதும் இதோடு சேர்ந்த விஷயம்தான். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் சிறுநீர் அதிகம் போகும். நீர் மாத்திரையைச் சாயங்காலம் போட்டுக்கொண்டாலும் அப்படித்தான். கண்புரை இருக்கிறதா என்று பாருங்கள். கொல்லையில் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி பிடித்திருந்தால் ஆளைவிட்டுத் தேய்த்துவிடுங்கள். பாத்ரூம் போகிற வழியில் ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

அப்புறம் தாழ்ப்பாள். இதை எல்லோரிடமும் சொல்வேன். வீட்டில் தனியாக இருக்கும்போது பாத்ரூமுக்கு உள்தாழ்ப்பாள் போடாதீர்கள். கதவைச் சாத்தி, கைப்பிடியில் ஒரு கயிறு சுற்றிக்கொண்டால் போதும். வாட்ச் கூப்பிட்டு ஆள் ஓடி வந்தாலும், வாசலிலும் உள்ளேயும் தாழ் போட்டிருந்தால் கதவை உடைப்பதற்குள் இன்னொரு அரை மணி போய்விடும்.

ஏன் பிடிக்கவில்லை என்பது

உங்கள் மகன் நினைப்பது போல இது பிடிவாதம் அல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு புதுக் கருவியை மனிதர்கள் ஏற்பதும் தள்ளுவதும் எதைப் பொறுத்தது என்று 1989-ல் ஃப்ரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் விளக்கினார். இதனால் எனக்கு என்ன பயன், இதைக் கையாள்வது எவ்வளவு சுலபம் என்று மனசுக்குப் படுவதுதான் தீர்மானிக்கிறது என்றார். பெரியவர்களிடம் மூன்றாவது ஒன்றையும் நான் பார்க்கிறேன். இது என்னை யாராகக் காட்டுகிறது என்பது. உங்கள் வாட்ச் உங்களை, ராத்திரி எழுந்தால்கூடப் பதில் சொல்ல வேண்டிய நோயாளியாகக் காட்டியது. 34 வருஷம் ஊரார் கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் இருந்தவர் நீங்கள். உங்கள் விவரம் இப்படிப் பிரித்துப் படிக்கப்படும்போது வலிக்காமல் எப்படி இருக்கும்?

சில வருஷத்துக்கு முன் ஒரு விவசாயி என்னிடம் வந்தார். 78 வயது. மகள் வாங்கிக் கொடுத்த வாட்சை மஞ்சப்பையில், துண்டில் சுற்றி வைத்திருந்தார். ஏன் கட்டவில்லை என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, “இது அடிச்சா யாரு வருவா, டாக்டர்?” என்றார். மகள் துபாயில். பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. நான் அதுவரை எத்தனையோ பேருக்கு வாட்ச் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அந்தக் கேள்வியை ஒருவரிடமும் கேட்டதில்லை. இப்போது முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கிறேன். உங்களிடமும் கேட்கிறேன். வாட்ச் எச்சரித்தால் அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குச் செய்தி போகும். அவர் அங்கிருந்து என்ன செய்வார்? பதறுவார், உங்களுக்குப் போன் போடுவார், நீங்கள் எடுக்க மாட்டீர்கள். பத்து நிமிஷத்தில் உங்கள் வாசலுக்கு வரக்கூடியவர் ஒருவரின் எண்தான் அதில் முதலில் இருக்க வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது பால்காரம்மாதான். அவரிடம் கேட்டு, சம்மதித்தால் எண்ணைப் போடுங்கள், ஒரு சாவியும் கொடுத்து வையுங்கள்.

நம்ப வேண்டாதவையும் பயப்பட வேண்டாதவையும்

கதிர்வீச்சுப் பயத்தை விட்டுவிடுங்கள். வாட்ச் போனோடு பேசப் பயன்படுத்தும் ப்ளூடூத் அலை மிகவும் பலவீனமானது. காதில் வைத்துப் பேசும் செல்போனைவிடக் குறைவு. எக்ஸ்ரே மாதிரி உடம்பைத் துளைக்கும் கதிர் அல்ல. அந்தப் பச்சை விளக்கு சாதாரண எல்இடி. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் காந்தம் உள்ள இந்த மாதிரிச் சாதனங்களை நெஞ்சிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். உங்களுக்கு அது இல்லை.

ஆக்சிஜன் 88 என்பதற்கு வருவோம். தூக்கத்தில் கை மடங்கி, பட்டை தளர்ந்து, கை குளிர்ந்து இருந்தால் அளவு தப்பாகக் காட்டும். இன்னொன்றும் உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர்கள், கருத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டி ஏமாற்றலாம் என்று 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. அடுத்த வருஷமே அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் எச்சரித்தது. ஒளியை வைத்து அளக்கும் எதுவும் தோலின் நிறத்தையும் கடந்துதான் வர வேண்டும். ஆக, ஒற்றை எண்ணை வைத்து ராத்திரி விழித்திருக்க வேண்டாம். பகலில் உட்கார்ந்து, நகப்பூச்சு இல்லாத விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பாருங்கள். ராத்திரி பலமாகக் குறட்டை விடுவதாக யாராவது சொல்லியிருந்தால், பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வந்தால், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று அப்போது பார்க்க வேண்டும். ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிஷம்தான் என்று வாட்ச் சொல்வது தோராயக் கணக்கு. வயதானால் ஆழ்ந்த தூக்கம் தானாகவே குறையும். அந்தப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம்.

வாட்சில் பிபி தெரிவதால் மாதாமாதம் பார்ப்பதை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இது ஆபத்து. கையைச் சுற்றி இறுக்காமல் பிபி அளக்கும் சாதனங்களை வைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று ஐரோப்பிய ரத்த அழுத்த மருத்துவர்களின் சங்கம் 2022-ல் சொல்லியிருக்கிறது. பிபி காட்டும் வாட்சுகளைக்கூட குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை, பட்டை கட்டும் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். மேல்கையில் பட்டை கட்டும் டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காபி குடித்து அரை மணி கழித்து, முதுகைச் சாய்த்து, கால் தரையில் படும்படி ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு எடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிபியும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துப் பாருங்கள்.

உங்கள் சிநேகிதி வாங்கிய, ஊசி குத்தாமல் சர்க்கரை காட்டும் மோதிரத்தைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 பிப்ரவரியில் பகிரங்கமாக எச்சரித்தது. அதை நம்பி மாத்திரையைக் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வேறு, அதில் மெல்லிய இழை தோலுக்குள் போகிறது, அது நம்பகமானது. மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும் உங்களுக்கு இப்போதைக்கு அது அவசியமில்லை என்பது என் கருத்து.

1,800 அடி. 10,000 அடி நடந்தால்தான் ஆரோக்கியம் என்று உங்கள் மகன் நினைக்கிறார் போல. அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. சராசரி 72 வயதுள்ள 16,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களை வைத்து 2019-ல் வந்த ஆய்வில், தினம் சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கு, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. அதோடு மெல்ல நடப்பவர்களின் அடியை வாட்ச் குறைத்தே எண்ணும். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதும், குனிந்து கோலம் போடுவதும் அதன் கணக்கில் சரியாக ஏறாது. இப்போது நடப்பதைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள். கோவில் பிராகாரம் இரண்டு சுற்று கூடுதலாகப் போனால் நல்லது.

யார் எதைப் பார்க்கலாம்

மகன் பார்ப்பதை நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நீங்கள் தெளிந்த புத்தியுள்ள பெரியவர். உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் உடம்பின் விவரத்தை யாரும் பார்க்கக் கூடாது. அது மகனுக்கும் பொருந்தும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் விவரங்களை அழிக்கச் சொல்லவும் உங்களுக்கு வழி செய்கிறது. அது படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. ஆனால் அந்தச் சட்டம் வாட்ச் நிறுவனத்தையும் செயலியையும் கட்டுப்படுத்துவது. வீட்டுக்குள், சொந்தத் தேவைக்காக ஒருவர் பார்ப்பதற்கு அது பொருந்தாது. மகனிடம் சட்டம் பேச முடியாது, நீங்கள்தான் பேச வேண்டும். நல்லவேளையாக, எதைப் பகிர்வது என்று செயலியில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். தூக்கத்தையும் நடையையும் அணைத்துவிட்டு, விழுந்தால் செய்தி போவதை மட்டும் வைத்துக்கொள்ள முடியும்.

இந்தப் பகுதியை மகனுக்குப் படித்துக் காட்டுங்கள், அல்லது போட்டோ எடுத்து அனுப்புங்கள். தம்பி, நீங்கள் ஏன் தினமும் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவருக்குக் கையில் கிடைப்பது அந்த எண்கள் மட்டும்தான். ஆனால் ‘ஏன் எழுந்தே’ என்று ஆரம்பிக்கிற போனுக்கு யாரும் மனம்விட்டுப் பதில் சொல்ல மாட்டார்கள். எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசாதீர்கள். பேசிவிட்டு, தேவைப்பட்டால் எண்ணைப் பாருங்கள். அம்மா உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அவர் சொல்லும்போது, ‘உடனே இங்கே வந்துடு’ என்று மட்டும் சொல்லாமல் கேளுங்கள்.

நான் என்ன செய்யச் சொல்வேன்

வாட்ச் வேண்டவே வேண்டாம் என்று நீங்கள் தீர்மானித்தாலும் எனக்கு மறுப்பில்லை. அப்போது காலையும் மாலையும் பால்காரம்மா எட்டிப் பார்ப்பது, எப்போதும் இடுப்பில் ஒரு சின்ன பட்டன் போன், அதில் அழுத்தினால் போகும்படி மூன்று எண்கள் என்று வேறு ஏற்பாடு வேண்டும். மூத்த குடிமக்களுக்கான 14567 உதவி எண்ணையும் அதில் பதிந்து வையுங்கள். கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தானும் கிடைக்கிறது. ஆனால் அழுத்துவதற்கு நினைவு இருக்க வேண்டும். மயங்கி விழுந்தால் பயனில்லை.

உங்கள் நிலையில் என் சிபாரிசு, ஒரு மண்டலம் கட்டிப் பாருங்கள் என்பதுதான். 48 நாள், உங்கள் நிபந்தனையில். விழுந்தால் எச்சரிப்பது, துடிப்பு சீரில்லாவிட்டால் எச்சரிப்பது இரண்டு மட்டும் இருக்கட்டும். மற்றதெல்லாம் அணைத்து வைக்கப்படட்டும். வேகமாக விழுந்தால் அது கண்டுபிடிக்கும், நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்தால் பெரும்பாலும் கண்டுபிடிக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். துணியை ஓங்கி அடித்துத் துவைக்கும்போது தப்பாக அலறலாம். திரையில் ‘நான் நலம்’ என்று வருவதை அழுத்தினால் நின்றுவிடும். மகள் அடுத்த தடவை வரும்போது, உட்கார்ந்த இடத்தில் இதை இரண்டு மூன்று முறை செய்து பழகிக்கொள்ளுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்ற முடிந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வளையல் இல்லாத கையில் கட்டுங்கள். ஒரு விரல் உள்ளே போகும் அளவு இறுக்கம் போதும். நம் வயதில் தோல் மெலிந்திருக்கும், பட்டைக்கு அடியில் ஈரமும் சோப்பும் தங்கினால் அரிக்கும், புண்ணாகும். தினம் ஒருமுறை கழற்றித் துடைத்துக் கட்டுங்கள். சார்ஜ் போடுவதை மட்டும் ராத்திரியில் வைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலானவர்கள் படுக்கும்போதுதான் கழற்றிப் போடுகிறார்கள். நீங்கள் இருட்டில் எழுந்து நடப்பதோ ராத்திரி இரண்டு மணிக்கு. சாயங்காலம் சீரியல் பார்க்க உட்காரும் ஒரு மணி நேரம் அதற்குச் சரி.

48 நாள் முடிந்ததும் பிடிக்கவில்லையென்றால் மறுபடி சுவாமி அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். மகனிடமும் இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர் ஒப்புக்கொள்ள வேண்டிய நிபந்தனை இது.

ஆனால் ஈசிஜி அந்த 48 நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. எடுத்த பிறகு அந்தத் தாளின் நகலோடு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். பால்காரம்மாவிடம் சாவி கொடுத்துவிட்டீர்களா என்பதையும் அதில் எழுதுங்கள், இந்தத் தடவை முதல் பக்கத்திலேயே.